உன் சாவுக்கு வந்தவர்கள் யாரென்று அம்மா கேட்கிறார்

பாசம் பாதி, கோபம் பாதியாக என் ரீட்டாக்காவுக்கு,

இன்று வியாழக்கிழமை. கடைசியாக வந்தவர் படியிறங்கிப் போய்விட்டார். ஜன்னலைச் சாத்திவிட்டு உன் நாற்காலிக்கு எதிரே வந்து உட்கார்ந்திருக்கிறேன். வேறு எங்கே போவது, சொல். இத்தனை வருடமாக வியாழக்கிழமை சாயங்காலம் என்றால் முதலில் நீ பேசுவாய், நான் கேட்பேன். பிறகு நான் பேசுவேன், நீ கேட்பாய். உடம்புக்கு அது பழகிவிட்டது. நீ இல்லை என்பது இன்னும் பழகவில்லை.

இது உனக்கு எழுதுகிற கடிதம்தான். ஆனாலும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். "எனக்கே கத சொல்றியா?" என்று அங்கே உட்கார்ந்து சிரிக்காதே.

முதலில் ஊர்ச் சேதி. ஷூ கம்பெனி பஸ்கள் வழக்கம்போல சாயங்காலத்தில் பஜாரை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மழை பெய்தால் தோல் வாடை ஜாஸ்தியாகிறது. நம் வாசல் போர்டில் உன் பெயரும் உன் படிப்பும் அப்படியே இருக்கின்றன. கீழே மெடிக்கல் வைத்திருக்கிற பாய் போன வாரம் மேலே வந்தார். உன் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்தார். வாய் வரவில்லை. ஃபேன் சத்தம் போடுகிறதே, ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் கேட்காமல் விட்டது எனக்குக் கேட்டுவிட்டது. நம் தொழில் அப்படி.

பாய் முதல் முறை மேலே வந்தது நினைவிருக்கிறதா? நாம் இருவரும் சேர்ந்து இந்த அறைகளை எடுத்த புதிது. நீ சுவரில் வரிசையாக மாட்டியிருந்த சான்றிதழ்களை ஒவ்வொன்றாக நின்று படித்தார். உளவியலில் பட்டம், அதற்கு மேல் ஒரு பட்டம், ஆற்றுப்படுத்துதலில், அதாவது கவுன்சலிங்கில் டிப்ளமோ, பயிற்சி முடித்ததற்குத் தனியாக ஒன்று.

"இவ்ளோ படிச்சிருக்க. ஒரு மாத்திர எழுதித் தர மாட்ட. புத்தியும் சொல்ல மாட்டியாம். சும்மா உக்காந்து கேட்டுக்கினு இருப்பியாமே, மெய்யா?" என்றார்.

"சும்மா உக்கார்றதுக்குத்தான் பாய் இவ்ளோ படிச்சேன்" என்றாய் நீ.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நீ கிண்டல் செய்கிறாய் என்று நினைத்துவிட்டார். நீ அப்பட்டமான உண்மையைச் சொன்னாய் என்பது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால் ஷூ கம்பெனியில் மேல்தோலைத் தைக்கிற லைனில் உட்கார்ந்திருந்தவள் நீ. அதே கம்பெனி ஆபீசில் நான் லீவு சீட்டு வாங்கி வைக்கிறவள். லைனில் யாராவது ஒரு பெண் அழுதால் சூப்பர்வைசர் திட்டுவார், பக்கத்துப் பெண் சமாதானம் சொல்வாள், நீ மட்டும் ஒன்றும் சொல்லாமல் டீ இடைவேளையில் அவள் பக்கத்தில் போய் உட்காருவாய். தபாலில் பி.ஏ. படித்தாய். பிறகு மேலே படித்தாய். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு வேலூரில் வார இறுதிப் பயிற்சியில் சேர்ந்தாய். டிப்ளமோ தாளைக் காட்டிலும் அந்தப் பயிற்சிதான் நம்மை இந்த வேலைக்குத் தகுதியாக்கியது என்று நீ அடிக்கடி சொல்வாய்.

அங்கே மூன்று மூன்று பேராக உட்கார வைப்பார்கள். ஒருவர் தன் சொந்தக் கஷ்டம் ஒன்றைப் பேச வேண்டும், இட்டுக்கட்டிய கதை கூடாது. ஒருவர் கேட்க வேண்டும். மூன்றாமவர் வாயைத் திறக்காமல் இருவரையும் கவனிக்க வேண்டும். அப்புறம் இடம் மாறும். முதல் நாள் நான் கேட்கிற இடத்தில் இருந்தேன். எதிரே இருந்த பெண் என்னவோ சொல்ல ஆரம்பித்தார், அது அவருடையது, எழுத மாட்டேன். அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் "நீங்க ஒண்ணு பண்ணுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். கவனிக்கிற இடத்தில் இருந்த நீ, ஆம்பூர் பஸ்ஸில் ஏறும்வரை அடக்கி வைத்திருந்து, ஏறியதும் சிரித்தாய்.

"அவங்க கதவ லேசாத்தான் தொறந்தாங்க. நீ தபதபன்னு உள்ள பூந்து அவங்க பாத்திரத்தெல்லாம் கழுவ ஆரம்பிச்சிட்டடி."

நாம் கற்றுக்கொண்ட முறைக்குப் புத்தகத்தில் பெரிய பெயர் உண்டு. வந்தவரை மையமாக வைத்துச் செய்வது என்று தமிழில் சொல்லலாம். அவர் வாழ்க்கை அவருக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும், நாம் கூட இருந்தால் போதும், வழியை அவரே கண்டுபிடிப்பார் என்பதுதான் அதன் சாரம். நம் ஊருக்கு இது எங்கே ஒத்துவரப் போகிறது என்று நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். இங்கே யாரும் தனியாக வருவதில்லை. மருமகளை மாமியார் கூட்டிவருவார், பிள்ளையை அப்பா இழுத்துவருவார். "நாலு வார்த்த நல்லபடியா புத்தி சொல்லுங்க மேடம்" என்பார்கள். பேச வேண்டியவர் தலையைக் குனிந்திருக்க, கூட வந்தவர் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிடுவார்.

நீ கூட வந்தவரைக் கோபித்துக்கொண்டதே இல்லை. வெளியே ஃபேனுக்குக் கீழே நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாய். உள்ளே இருப்பவரிடம், நாம் டாக்டர் இல்லை, மாத்திரை தர முடியாது, நம் கைக்கு மீறியது என்றால் வேலூரில் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவாய். அப்புறம், "அவங்க சொன்னது அவங்க கத. உங்களுது நீங்க சொல்லுங்க, சொல்ல வராட்டி சும்மா இருங்க, நானும் இருக்கேன்" என்பாய். சும்மாவே இருந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அடுத்த வாரம் அவர்கள் தனியாக வந்தார்கள்.

யார் என்ன சொன்னாலும் உன் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அது நடிப்பும் இல்லை. நடித்தால் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பாய். மனசு கனத்துப் போனால் வியாழக்கிழமை வரை தாக்குப்பிடித்து, பெயரில்லாமல், ஊரில்லாமல் என்னிடம் கொட்டுவாய். நானும் உன்னிடம் கொட்டுவேன். கேட்கிறவர்களுக்கும் கேட்க ஓர் ஆள் வேண்டும் என்பது நம் தொழிலில் விதி. எனக்கு அந்த ஓர் ஆள் நீதான்.

இன்னொரு விதியும் இருந்தது. அதுதான் இப்போது என்னை இந்தப் பாடு படுத்துகிறது. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வாய்: "பஜார்ல, கல்யாணத்துல எங்கயாச்சும் பாத்தா நான் முதல்ல பேச மாட்டேன். கோச்சிக்காதீங்க. நீங்க பேசினா பேசுவேன், இல்லன்னா தெரியாத மாதிரி போய்டுவேன். நீங்க இங்க வந்ததே யாருக்கும் தெரிய வேணாம்." சென்னையில் இது சுலபம். நம் ஊரில் எதிரே வருகிறவரை "சாப்ட்டியா?" என்று கேட்காமல் போனால் பகை. நீ கல்யாண மண்டபத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு போவாய், பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டே வருவாய். நாலெழுத்து படித்துவிட்டால் இப்படித்தான், தலைக்கனம் என்று உன் சொந்தக்காரர்களே பேசினார்கள். நானும் அப்படித்தான் நடக்கிறேன் இப்போது. ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள், பேச ஒருவரும் இல்லை.

அப்புறம் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோயிற்று. இத்தனை பேரின் வலியைக் கேட்டவள், உனக்கு ஏதோ செய்கிறது என்று யாரிடமாவது சொன்னாயா? வியாழக்கிழமை என் எதிரே உட்கார்ந்திருந்தாயே, என்னிடமாவது சொல்லக் கூடாதா? கோபம் பாதி என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

உன் சாவுக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் அம்மா ஐம்பது பேருக்குப் பந்தல் போடச் சொன்னார். தெரு கொள்ளவில்லை. கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷிப்ட் முடிந்து நேராக வந்த பெண்கள், பர்தா போட்ட பெண்கள், கணியம்பாடிப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்த ஒரு வயதான விவசாயி. யாரும் யாரோடும் பேசவில்லை. தெருமுனையில் தனித்தனியாக நின்றார்கள். "நீங்க யாரு, ரீட்டாவுக்கு இன்னா வேணும்?" என்று உன் அத்தை ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டு வந்தார். "தெரிஞ்சவங்க" என்றார்கள். ஒரு பெண் "ஒண்ணா வேல செஞ்சோம்" என்றாள், நீ எட்டிக்கூடப் பார்த்திராத ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி.

அவர்கள் யார் என்று உனக்கும் எனக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. நான் யாரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை. அவர்களும் என்னைப் பார்க்கவில்லை. உன்னைச் சுற்றி அத்தனை பேர் அழுதுகொண்டு நின்றோம், ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக.

அதில் ஓர் ஆண், கையில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு, சொந்தக்காரர்களைவிட ஜாஸ்தியாக அழுதார். பெட்டியை மூடும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். (ஹெல்மெட் என்று எழுதியிருப்பதால் யாரும் ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டு போக வேண்டாம். அடையாளங்களையெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். அவரை எனக்குத் தெரியுமா, தெரியாதா என்பதைக்கூட இங்கே சொல்ல மாட்டேன்.) உன் அத்தை அவரை விடவில்லை. மூன்றாம் நாள் ஜெபத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. கல்யாணம் வேண்டாம் வேண்டாம் என்றாளே, இதற்குத்தானா என்று. உன்னைப் பற்றி, ரீட்டாக்கா. எனக்கு அத்தையின் வாயைத் தைத்துவிடலாமா என்றிருந்தது.

அந்தப் பேச்சு உன் அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. ஒரு மத்தியானம் படியேறி இங்கே வந்தார். முட்டி வலியோடு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. உன் அறையில், வருகிறவர்கள் உட்காருகிற நாற்காலியில் உட்காரப் போனார். நான் இரண்டு நாற்காலியையும் ஜன்னல் பக்கமாக இழுத்து அருகருகே போட்டேன். உன் அம்மாவை அந்த இடத்தில் உட்காரவைத்து நான் எதிரே உட்காரக் கூடாது. நெருங்கினவர்களை ஆற்றுப்படுத்த எடுக்கக் கூடாது என்பதும் நம் விதிதானே.

"ஊர்ல ஒருத்தர்கிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா" என்றார் அம்மா. "கட்டிக்கவும் மாட்டேன்னுட்டா. நான் போய்ட்டா இவளுக்கு யாரு இருக்காங்கன்னு தெனம் அழுது ஜெபம் பண்ணேன். செத்தப்ப பாத்தா தெருவு நெறைய ஜனம். யாரு கோமதி அவங்கெல்லாம்? எனக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலயே."

நான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அம்மா வாங்கவில்லை.

"அந்த ஆளு யாரு? எம் பொண்ண நான் சந்தேகப்படல. ஆனா தெரியாம எனக்குத் தூக்கமே வரல. நீ ஒரு வார்த்த சொல்லு போதும். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், கர்த்தர் சாட்சி."

ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அந்த அம்மாள் நிம்மதியாகத் தூங்குவார். உன் பெயர் தெருவில் உருள்வது நிற்கும். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லையே. வந்ததே யாருக்கும் தெரியாது என்று நீ ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறாய். நீ செத்துவிட்டாய் என்பதால் அது செத்துவிடாது. நான் சொல்லிவிட்டால், தெருமுனையில் நின்ற அத்தனை பேருக்கும் நீ கொடுத்த வாக்கை உன் அறையிலேயே உட்கார்ந்து நான் மீறியதாக ஆகும். சொல்லாவிட்டால் உன் அம்மா தன் மகளைப் பற்றி ஒரு முள்ளை வைத்துக்கொண்டே காலம் தள்ள வேண்டும். உன்னிடம் கேட்க வேண்டும் போல இருந்தது. கேட்க நீ இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

"என்னால சொல்ல முடியாதும்மா" என்றேன்.

அம்மா எழுந்துவிட்டார். "நீயும் அவள மாதிரியே வாய மூடிக்கினே இரு" என்றார். திட்டவில்லை, சோர்வாகத்தான் சொன்னார். கதவுவரை போய்விட்டார். எனக்குப் பயம் வந்துவிட்டது, அக்கா. இந்த ஊரில் என்னிடம் உன் பெயரைச் சொல்லிப் பேச மிச்சமிருந்தவர் அவர் ஒருவர்தான். அவரும் இனி வரமாட்டார் என்று தோன்றியது.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. இரகசியம் கேட்டவருக்குச் சொந்தமில்லை, சொன்னவருக்குத்தான் சொந்தம். அவர் இஷ்டப்பட்டால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நானும் உன்னிடம் சொன்னவள்தானே.

"உக்காருங்கம்மா" என்றேன். "யாரு யாருன்னு நான் எப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா நான் யாருன்னு சொல்றேன்."

சொன்னேன். வளைகாப்புக்கு நாள் குறித்த வாரத்தில் என் குழந்தை வயிற்றிலேயே அடங்கிப்போனதைச் சொன்னேன். பெண் குழந்தை என்று நர்சம்மா சொல்லித்தான் தெரியும். வீட்டு ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டுக்காரரைக் கேட்டால் "விடு" என்பார். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: சின்ன வயசு, அடுத்தது வரும். அடுத்தது வரவில்லை. யாரும் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை.

வேலூர்ப் பயிற்சியில் ஒரு நாள் நான் பேசுகிற இடத்துக்கு வந்தேன். நீ கேட்கிற இடத்தில். ஆபீஸ் மேனேஜர் கொடுக்கிற பேஜாரைப் பற்றிப் பேசலாம் என்று தயாராக வந்திருந்தேன். பேசிக்கொண்டே போனவள் எப்படியோ அங்கே போய் நின்றுவிட்டேன். நீ எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. கையைக்கூடப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் அடுத்த கொழந்தைய பத்தியே பேசியிருக்காங்க. உனக்கு இந்தக் கொழந்தைய பத்திப் பேசணும் போல கீது" என்றாய். அவ்வளவுதான். நான் அவளுக்கு வைத்திருந்த பெயரை, மூன்றாமவருக்குக் கேட்காதபடி உன் காதோடு சொன்னேன். அவரிடமும் சொல்லாத பெயர். அன்றைக்கு நான் அழுததில் புடவை முந்தானை நனைந்து, பஸ்ஸில் காற்றில் காயவைத்துக்கொண்டு வந்தோம்.

"உங்க பொண்ணு எனக்கு ஒண்ணுமே சொல்லலம்மா. கேட்டாங்க. அதுக்கப்புறம்தான் நான் ஒழுங்கா சோறு தின்னேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "எம் பொண்ணு பேரு இந்த உலகத்துல அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அக்கா போனதும், அந்தப் பேரு தெரிஞ்சவங்க யாரும் இல்லாம போய்ட்டாங்க."

நீ இருந்தவரை எனக்கே தெரியாததை அன்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நீ போனபோது என் மகள் இரண்டாவது தடவையாகப் போனாள்.

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வூட்லயும் அப்டித்தான். நான் கத்துவேன், அவ பாட்டுக்குப் பாத்துக்கினே இருப்பா. திமிருன்னு நெனச்சேன்" என்றார். அப்புறம் திரும்பி, "கொழந்த பேரு இன்னா?" என்று கேட்டார்.

"கயல்."

"கயலு" என்றார். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஏதோ தோன்றி, "அப்ப, அன்னிக்கு வந்தவங்கெல்லாம்..." என்று ஆரம்பித்தார். நான் தரையைப் பார்த்தேன். அம்மா தன் கையால் தன் வாயை மூடிக்கொண்டார்.

"வேணாம். சொல்லாத" என்றார்.

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். புரிந்துகொண்டாரா, அல்லது என்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்று எனக்கு அன்று தெரியவில்லை.

கல்லறைத் திருநாளன்றுதான் தெரிந்தது. உன் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்திப்பூ போட்டு, நாங்கள் மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தோம். காற்று கொளுத்தக் கொளுத்த அணைத்தது. உன் அத்தை என் முழங்கையை இடித்து, "அதோ வந்துட்டாரு பாரு" என்றார். அந்த ஆள்தான். சுவரோரம் வேப்பமரத்தடியில், கிட்டே வரத் தைரியமில்லாமல் நின்றார். சுற்றியிருந்த சொந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தது. நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. அவரைப் பார்க்காமல் உன் பெயர் பொறித்த கல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா எழுந்து போனார். அந்த முட்டியோடு, அத்தனை கல்லறைகளுக்கு நடுவில் நடந்து அவரிடம் போய், கையில் ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்தார்.

"வாங்க. காத்து ஜாஸ்தியா கீது, கைய மறச்சிக் கொளுத்துங்க."

அவர் வந்து கொளுத்தினார். கொஞ்ச நேரம் நின்றார். அம்மாவைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"யாரு அண்ணி அது?"

"ரீட்டாவுக்குத் தெரிஞ்சவரு."

"உனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்கு எதுக்கு?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு, உன் சாவன்று தெருமுனையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தயங்கித் தயங்கி, தனித்தனியாக. அம்மா யாரையும் எதுவும் கேட்கவில்லை. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒதுங்கி இடம் விட்டார். எங்கே கற்றுக்கொண்டார் இதை? நாம் இரண்டு வருடம் வேலூருக்கு அலைந்து, அடிவாங்கிக் கற்றுக்கொண்டோமே. ஒருவேளை கற்றுக்கொண்டதெல்லாம் இல்லை, உன் மேல் இருந்த பிரியம்தானோ என்னவோ.

அவர்கள் போனபின், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கும்போதே, அம்மா தன் பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தி எடுத்தார். மற்றவற்றைவிடச் சின்னது. உன் கால்மாட்டில் காற்றுப் படாத இடமாகப் பார்த்து, மண்ணைக் கையால் தோண்டி ஊன்றினார்.

"இது கயலுக்கு" என்றார். "எங்க வெச்சாங்கன்னு தெரியலன்னு சொன்ன இல்ல. இங்க இருக்கட்டும். ரீட்டா பாத்துப்பா."

என் மகள் பெயரை வெட்ட வெளியில், நாலு பேர் காதுபட ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் வாய்விட்டு அழுதேன், அக்கா. கூட்டத்தில் தலைகுனிந்தே நடக்கப் பழகியவள், அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அம்மா சமாதானம் சொல்லவில்லை. வத்தி அணையாமல் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இனி என் சேதி. வேலூரில் ஒருவரைக் கண்டுபிடித்திருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து போய் எதிர் நாற்காலியில் உட்காரப் போகிறேன். என்ன படித்திருக்கிறீர்கள், எந்த முறையில் செய்கிறீர்கள், நீங்கள் பேச யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் போனிலேயே கேட்டேன். நம்மிடம் வருகிறவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்களா என்று நீ ஆசைப்படுவாய் இல்லையா, அதனால் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, பொறுமையாகப் பதில் சொன்னார். நல்லவராகத்தான் தெரிகிறார். ஆனால் அவர் நீ இல்லை. அந்த பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் யார் இருப்பார்கள்?

பாயிடம் போர்டு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஃபேனைச் சரிபண்ண ஆள் வருகிறான்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உன்னிடம் வந்து பேசியவர்களைப் பற்றி என் வாயிலிருந்து எந்தக் காலத்திலும் ஒரு வார்த்தை வராது. ஆனால் என் பெண்ணின் பெயர் என்னுடையது. அதை இனி மறைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் அவரிடம் சொல்லிவிடுவேன். அவர் "விடு" என்றாலும் விட மாட்டேன். எங்கே வைத்தீர்கள் என்று கேட்பேன். அவர் பேசாமலே இருந்தால், பேசும்வரை நானும் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உன் தங்கை,
கயலின் அம்மா,
கோமதி